தெப்பத் திருநாளும் வாண வேடிக்கையும்

திருச்சிற்றம்பலம்

சிவாலயங்களில் நிகழும் வழிபாடு நித்தியம் எனவும் நைமித்திகம் எனவும் இருவகைப்படும். அவற்றுள் திருவிழா நைமித்திகத்தின்பாற்படுவது. நாடோறும் ஆலயத்துட் புகுந்து வழிபடுதற்கு முதுமையானும் பிணியானும் தொழிலானும் இயலாதார் பலராதலின், அவர் பொருட்டு இறைவன் தானே வெளிப்போந்து காட்சி வழங்குதலே திருவிழாவின் கருத்தென்பர் பெரியோர். அவ்விழாக்களுள் நீரின்மீது நிகழும் தெப்பத் திருநாள் காண்பார் உள்ளத்தைப் பெரிதுங் கவர்வது. அதனோடு ஆகாயவாணம், மத்தாப்பு முதலிய வேடிக்கைகளும் இந்நாளிற் சேர்ந்து நிகழ்கின்றன.

எம்மிடம் சிவஞானபோதம் பாடங் கேட்டுவரும் மாணவர் ஒருவர், "ஐயா, வாண வேடிக்கை வழிபாட்டிற்கு உறுப்பாமோ, இடையூறாமோ?" என வினவினார். "ஆகமத்தில் விதிக்கப்படாமையின் உறுப்பாகாது, உலகர் மகிழ்ச்சியின் பொருட்டு நிகழ்தலின் இடையூறுமாகாது" என்று யாம் விடை கூறினேம். சொல்லளவில் அவ்விடை பிழையன்று. ஆயினும் அது நிறைவுடையதன்று என்பதனை மதுரைத் தெப்பத் திருநாளில் நேரிற் கண்டதொன்று எமக்கு உணர்த்திற்று. அதனையும், அதனால் விளங்கிய சித்தாந்தப் பொருள் சிலவற்றையும் அன்பர்கள் ஆராயுமாறு ஈண்டு எழுதுகின்றாம்.

தெப்பக்குளமும் திருநாளும்

மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குக் கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் உள்ளது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இதனை 1645இல் அமைத்தனர் என்பர். தமது அரண்மனைக்கு வேண்டும் செங்கற்களுக்கு மண்ணெடுத்த பள்ளமே இக்குளமாயிற்று என்றும், தோண்டுங்கால் கிடைத்த பிள்ளையார் திருவுருவமே திருக்கோயிலிலுள்ள முக்குறுணி விநாயகர் என்றும் வழங்கும் வரலாறு யாவரும் அறிந்தது. ஏறக்குறைய 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது இக்குளம். நாற்புறமும் கருங்கற் படிகளும் சுற்றுச்சுவரும், நடுவே மைய மண்டபமும் உள்ளன.

தைத் திங்களில் பன்னிரு நாள் நிகழும் திருவிழாவில், சிந்தாமணியிற் கதிரறுப்புத் திருநாள் நிகழ்ந்தபின் தைப்பூசத்தையொட்டித் தெப்பத் திருநாள் நிகழும். அன்று விடியலில் அம்மையும் அப்பனும் கோயிலினின்று புறப்பட்டு இக்குளத்திற்கு எழுந்தருள்வர். தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றிக் காலையில் இருமுறையும் மாலைக்குமேல் ஒருமுறையும் வலம்வரும். அதனைச் செலுத்துதற்குத் துடுப்பில்லை; கரையில் நிற்கும் அடியார்கள் வடம்பிடித்து இழுப்பர்.

தைப்பூசம் மிகப் பழைய சைவத் திருநாள். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் மயிலாப்பூரில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தில், ஆண்டு முழுதும் அத்தலத்தில் நிகழும் விழாக்களைக் கூறுமிடத்துக் கார்த்திகை விளக்கீட்டையும் தைப்பூசத்தையும் மாசிக் கடலாட்டையும் எடுத்தோதியருளினமை காண்க. ஒளியும் நீரும் நம் விழாக்களில் அந்நாளிலேயே இடம்பெற்றிருந்தன.

அன்றிரவு கண்டது

இக்குளம் பல ஆண்டுகள் நீரின்றி வறண்டு கிடந்ததும், அவ்வாண்டுகளில் தெப்பம் ஓடாது நிலைத்தெப்பமாக நின்றதும், சிறுவர்கள் குளத்தினுள்ளே பந்தாடியதும் மதுரையார் நன்கறிவர். பின்னர் வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியே கொணரப்பட்டுக் குளம் நிறைந்தமையின், ஓடுந் தெப்பத்தைக் காணும் விருப்பினால் யாம் அம்மாணவரோடு சென்று மேலைக்கரையில் இடம்பெற்று அமர்ந்தேம்.

எம்மருகே முதியவர் ஒருவர் தம் பெயர்த்தியாகிய சிறுமியின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார். அவர்க்கு இரு கண்ணும் இல்லை. தெப்பம் விளக்கொளியோடு நகரத் தொடங்கியவுடன் அவர், "சுவாமி எந்தப் பக்கம் வருகிறார், அம்மா?" என்று அடிக்கடி வினவ, அச்சிறுமியும் கையைப் பிடித்துத் திசை காட்டிக்கொண்டிருந்தாள்.

தெப்பம் வடமேற்கு மூலையைத் திரும்பும் பொழுதில் வாண வேடிக்கை தொடங்கிற்று. முதல் வாணம் எழுந்து ஆலமரம்போல் விரிந்தவுடன் கரையிலிருந்தார் அனைவரும் அண்ணாந்து நோக்கினர். யாமும் நோக்கினேம். செம்மையும் பசுமையும் பொன்மையுமாக மேன்மேலும் விரிந்தன. அவை நீரிலும் விரிந்தன. எத்துணைப் பொழுது அங்ஙனம் இருந்தேம் என்பதை அறியேம். இடையே முதியவர், "சுவாமி எங்கே?" என்று கேட்டது செவிப்பட்டது. சிறுமியோ வானத்தினின்று கண்ணை எடாமலே, "அங்கே தாத்தா" என்று ஒரு திசையைக் காட்டினாள். அவர் சிறிது பொறுத்து, "அங்கே இல்லை, நாகசுரம் இந்தப் பக்கம் கேட்கிறது" என்று தாமே திரும்பிக் கைகளைத் தலைமேற் குவித்தார்.

அவர் குவித்த திசையை அப்பொழுதுதான் யாம் நோக்கினேம். தெப்பம் எம் நேரே வந்து கடந்துபோயிருந்தது. யாம் கண்டது அதன் பின்புறமே. கண்ணுடைய யாம் காணத்தவறிய திருக்காட்சிக்குக் கண்ணில்லாத அவர் தவறாது கைகூப்பினார். மாணவர் எம்மை நோக்கி மெல்ல, "ஐயா, தாங்கள் தரிசித்தீர்களா?" என்றார். நாற்பதாண்டு சைவநூல் பயிற்றிய யாம் அவ்வினாவிற்கு விடை கூறமாட்டாது இருந்தேம்.

சிறிதுபொழுது கழித்து, "பெரியவரே, இவ்வெடியோசை தங்களுக்கு இடையூறாக இல்லையா?" என்று அம்முதியவரைக் கேட்டேம். அவர், "ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே நாகசுரம் கேட்கும், ஐயா. அதற்காகக் காத்திருந்தேன்" என்றார்.

இந்நிகழ்ச்சியினின்று யாம் கற்றவற்றை முறையே கூறுவாம்.

வாணமும் மூவகைக் காரணமும்

தோன்றி, நின்று, அழியும் இயல்புடைய உலகத்திற்கு அம்மூன்றையும் செய்விப்பான் ஒருவன் உளன் என்பதும், அஃது எதன்கண் ஒடுங்கிற்றோ அதனினின்றே மீளத் தோன்றும் என்பதும் சிவஞானபோத முதற் சூத்திரத்தாற் பெறப்படும். இம்மூன்றும் சில நொடிகளில் நிகழ்ந்து முடிதலை வாணத்தின்கட் காணலாம்.

வாணக் குழாயினுள் இருப்பன வெடியுப்பும் கந்தகமும் கரியும், நிறந்தரும் உப்புகளுமேயாம். ஸ்ட்ரான்ஷியத்தின் உப்பு செந்நிறத்தையும், பேரியத்தின் உப்பு பசுமையையும், சோடியத்தின் உப்பு மஞ்சளையும், செம்பின் உப்பு நீலத்தையும் தருமென்று இரசாயன நூலார் கூறுவர். தீப்படுமுன் அக்குழாயை அறுத்து நோக்கினும் இந்நிறவொளி அங்கே காணப்படாது. காணப்படாமையின் இல்லையென்று கூறலாமோ எனின், கூறலாகாது. என்னை? இல்லதாயின் எக்குழாயினும் எந்நிறமும் தோன்றுதல் வேண்டும். அவ்வாறின்றிப் பேரியம் இட்ட குழாயிற் பசுமையே தோன்றுதலின், காரியம் காரணத்தின்கண் சூக்குமமாய் உளதென்பது துணிபு. இதுவே சற்காரிய வாதம். வாணம் அணைந்தபின் புகையும் சாம்பலுமாய் நிற்றலின் அழிவென்பதும் முற்றும் இல்பொருளாதல் அன்று என்பது பெறப்படும்.

இனி மருந்து முதற்காரணம். திரியும் குழாயும் தீயும் துணைக்காரணம். கொளுத்துவோனாகிய வாணக்காரன் நிமித்த காரணம். குடத்திற்கு மண்ணும் திகிரியும் குயவனும்போல இவை மூன்றும் இங்கே அமைந்தன. ஆயினும் கண்டார் அனைவரும் "வாணம் போகிறது" என்று கூறினரேயன்றி, கீழே இருளில் நின்று திரிகொளுத்துபவனை நினைந்தாரில்லை. உலகத்தின் தோற்றத்தையும் அழிவையும் கண்டு, அதனைச் செய்விப்பானை நினையாத உலகாயதர் நிலையும் இதுவே. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பதனையும் ஈண்டு மறத்தலாகாது. எரிந்த மருந்து மீண்டும் வாணமாதல் இல்லை. ஒடுங்கிய மாயா காரியமோ இறைவன் திருவுளப்படி மீளத் தோற்றப்படும்.

நீரும் சதசத்தும்

வானத்தின் நிறங்களையெல்லாம் குளத்துநீர் தானும் மேற்கொண்டது. வானம் சிவந்தபோது நீர் சிவந்தது, பசுத்தபோது பசுத்தது, ஒளி அணைந்தவுடன் கறுத்தது. நீருக்கெனத் தனித்த நிறமில்லை. சார்ந்ததன் வண்ணமாய் நிற்றலே அதன் இயல்பு.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் உயிரவை நிலை கூறுமிடத்து, இருளோடு கூடியபோது இருளாயும் ஒளியோடு கூடியபோது ஒளியாயும் நிற்கும் பொருள்கள் உலகில் உள்ளமையை நினைப்பித்தருளினர். அதற்குக் கண், பளிங்கு, ஆகாயம் என்பன எடுத்துக்காட்டப்படும். அன்றிரவு குளத்துநீரும் அவற்றோடு ஒன்றாய் எமக்குப் பாடமாயிற்று. ஆன்மா பாசத்தைச் சார்ந்தபோது பாசத்தின் தன்மையாயும், பதியைச் சார்ந்தபோது பதியின் தன்மையாயும் நிற்றலின் அதனைச் சதசத்து என்றனர் நம் ஆசிரியர். நீர் சடம், ஆன்மா சித்து என்னும் வேற்றுமை உண்டு. நீர்க்குச் சார்பினைத் தெரிந்துகொள்ளும் உரிமையில்லை. ஆன்மாவோ எதனைச் சாரவேண்டும் என்று விழையும் இச்சையுடையது. அன்று வானத்தைச் சார்ந்த எம் கண்ணுக்கும், நாகசுரத்தின் வழியே திருவுருவைச் சார்ந்த அம்முதியவர் உள்ளத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்விச்சையால் வந்ததே.

விளக்கும் விடியலும்

உலகிருள் ஏனைப் பொருள்களை மறைப்பினும் தன்னை மறைப்பதில்லை. "இங்கே இருள் உளது" என்று யாவரும் அறிகின்றனர். ஆணவமலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். இவ்வேறுபாட்டையும் அத்திருவருட்பயனே உணர்த்தும். யாம் வானத்தை நோக்கியிருந்தபோது எம்முன் சென்ற இறைவனைக் காணவில்லை என்பது ஒன்று. காணவில்லை என்பதனையே அறியாதிருந்தேம் என்பது மற்றொன்று. முன்னது மறைப்பு, பின்னது மறைப்பின் மறைப்பு. ஆணவத்திற்கு இதனினும் அணித்தான உதாரணத்தை யாம் ஏட்டிற் கண்டிலேம்.

அற்றேல், ஒளி நிரம்ப இருந்த அவ்விடத்து மறைப்பு உண்டானது எங்ஙனம் எனின், கூறுதும். மாயை விடியுமளவும் உதவும் விளக்குப் போன்றது என்பது உமாபதி சிவம் காட்டிய உவமை. தனு கரண புவன போகங்களாய் வந்து, வினைக்கீடாகச் சிறிதே அறிவை விளக்கி நிற்றலின் அது விளக்காயிற்று. விளக்கின் இயல்பு தன்னையன்றிப் பிறவற்றையும் காட்டுதல். தெப்பத்தின்மீது ஏற்றிய விளக்குகள் அம்மையப்பர் திருமுகத்தைக் காட்டின. அவ்விளக்கை நோக்குவதற்கென்று யாரும் வரவில்லை. வாணமோ பெரும்பாலும் தன்னையே காட்டிற்று. அஃது எரிந்தபோது கண் அதனிடத்தே நின்றது. அணைந்தபோது கண்கூசி முன்னையினும் மிக்க இருளைக் கண்டது. விளக்கும் வாணமும் மாயா காரியங்களே. பிறிதொன்றைக் காட்டி நிற்பது விளக்காகின்றது. தன்னளவில் நோக்கை நிறுத்திக்கொள்வது வேடிக்கையாகின்றது. உடம்பும் செல்வமும் பதவியும் இவ்விருவகையுள் எதுவாக நமக்கு அமைகின்றன என்பதனை அவரவரே ஆராய்தல் வேண்டும்.

கல்வியும் அவ்வாறே. இதனைக் கூறுதற்கு எமக்கு நாணம் உண்டு, ஆயினும் கூறவேண்டும். சொற்பொழிவு மேடையில் சூத்திரத்திற்குப் புதுப்பொருள் விரித்தபோது கூட்டத்தார் வியந்து ஆரவாரித்ததும், பிறர் உரையை மறுத்தபோது கைதட்டியதும் எம் நினைவில் உள்ளன. அவ்வுரை கேட்டார் உள்ளம் இறைவனிடம் சென்றதோ, எம்மிடமே நின்றதோ என்று அக்காலத்து யாம் ஒருமுறையேனும் ஆராய்ந்ததில்லை. வாணம் ஒன்று எழுந்து விரிந்து அணைந்தது, அவ்வளவே. சைவநூல் பயிற்றுவோரும் பயில்வோரும் மடாலயங்களில் விரிவுரை நிகழ்த்துவோரும் இதனைச் சிறிது சிந்திப்பாராயின் எம் இழப்பு ஒருவாறு பயன்பட்டதாகும்.

இன்னுமொன்று. தைப்பூசம் நிறைமதியையொட்டி வருவது. அன்றிரவும் மதி வானத்திருந்தது. வேடிக்கை முடிந்து, படர்ந்திருந்த புகை மெல்ல விலகிய பின்னரே அதனை யாம் கண்டேம். வாணங்கள் எழுமுன்னும் எழுந்தபோதும் அது நீங்காது அங்கேயே இருந்தது. அதன் ஒளி நீரில் நெடுகக் கிடந்தது.

தெப்பமும் திருவருளும்

இனித் தெப்பம் உணர்த்தும் பொருளைக் காண்பாம். பலர் வடம்பிடித்து இழுக்கத் தெப்பம் செல்கின்றது. அதனால், செலுத்துவது மக்கள் முயற்சியே என்று ஒருவர் கூறலாம். குளம் வறண்ட ஆண்டுகளை அவர் நினைத்தல் வேண்டும். வடமும் இருந்தது, இழுக்கும் கைகளும் இருந்தன, தெப்பம் நின்றவிடத்தே நின்றது. தாங்கும் நீரின்றி இழுக்கும் கைக்குப் பயனில்லை. நீர் உண்டேல் முயற்சி வேண்டாவோ எனின், அதுவும் பொருந்தாது. நீர் நிறைந்த குளத்திலும் வடம்பிடியாத தெப்பம் வலம் வாராது. சரியை கிரியை யோகங்களாகிய நம் முயற்சி வடமாகவும், திருவருள் தாங்கும் நீராகவும் கொள்க. தாங்குவது கண்ணுக்குப் புலனாகாது அடியில் நிற்றலின், இழுத்தவர் "யாம் இழுத்தேம்" என்பர். அவ்வெண்ணம் நீங்குதற்கே சில ஆண்டுகள் வறட்சியும் வந்ததுபோலும்.

தாங்குவது திருவருளேயாயின் தெப்பத்திற்கு மரமும் வேண்டுவதின்று. திருநாவுக்கரசு சுவாமிகளைக் கல்லிற் பிணித்துக் கடலில் இட்டபோது, அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்ப்பித்தது. திருக்கொள்ளம்பூதூரில் ஆற்றுவெள்ளம் பெருகி ஓடக்காரர் செலுத்தமாட்டாது ஒழிந்தபோது, ஆளுடைய பிள்ளையார் திருப்பதிகமே ஓடத்தைச் செலுத்திற்று. இவ்வரலாறுகளைப் பெரியபுராணத்திற் காண்க. பிறவிக்கடல் கடத்துவிக்கும் பெருமான் தானே நீரின்மேல் எழுந்தருளித் தோன்றும் காட்சி, கரையிலிருப்பார்க்கு இதனை ஆண்டுதோறும் நினைப்பிக்கின்றது.

கண்ணுக்கு உயிர் நின்று காட்டியும் கண்டும் உதவுதல்போல, உயிர்க்கு இறைவன் நின்று காட்டியும் கண்டும் உதவுவன் என்பது சிவஞானபோதப் பதினொராஞ் சூத்திரக் கருத்து. முதியவர்க்குப் புறக்கண் இல்லை; காட்டுவோன் இருந்தான். எமக்குப் புறக்கண் இருந்தது. காட்டுவோனை நோக்காமையின் கண்டிலேம்.

வேடிக்கை பற்றிய முடிபு

ஆகமங்களில் விதிக்கப்பட்ட பதினாறு உபசாரங்களுள் தீபம் உண்டு, வெடி இல்லை. வெடிமருந்து நம் நாட்டிற்குப் பிற்காலத்தே வந்தது. பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் 1443இல் விசயநகரம் போந்து, மகாநவமி விழாவில் வாண வேடிக்கை கண்டு வியந்து எழுதியிருத்தலின், ஏறக்குறைய அறுநூறாண்டுகளாக அரசர் விழாக்களில் அது வழங்கினமை தெளிவு. ஆதலின் அஃது உலக வழக்கேயன்றிச் சாத்திர விதியன்று.

விதியன்று என்பதுபற்றி அதனை வெறுத்தொதுக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. அச்சிறுமி வாணங் காணும் ஆசையினாலன்றோ தாத்தாவைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள்? அவ்வாசை இல்லையேல் அம்முதியவர் வருதற்கும் துணையில்லை. வேடிக்கைக்கு வந்தவர் ஒருநாள் திருவுருவையும் நோக்குவர். விடியுமளவும் விளக்கு வேண்டுதல்போல, பக்குவம் வருமளவும் இத்தகைய துணைகளும் வேண்டப்படுவனவே.

ஆயினும் மூன்று வரையறை வேண்டும். முதலாவது, உயிர்க்கு ஊறு நேராமை. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் கேரளத்துக் கொல்லத்தையடுத்த பரவூர்ப் புற்றிங்கல் தேவி கோயிலில் வாண வேடிக்கையின்போது வெடிமருந்து பற்றி வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். வழிபட வந்தார் உயிர்க்கு இறுதி விளைப்பது எவ்வாற்றானும் சிவபுண்ணியம் ஆகாது. நீரில் வீழும் சாம்பலால் மீன்களுக்கும், ஓசையால் கரைமரத்துப் பறவைகளுக்கும் வரும் துன்பமும் சீவகாருணியமுடைய சைவர் கருதத்தக்கது.

இரண்டாவது, காலம். தெப்பம் வலம்வரும் பொழுதில் விளக்கொளியும் மங்கல வாத்தியமும் திருமுறை ஓதுதலும் மட்டும் நிகழ்க. தெப்பம் கரைசேர்ந்து பேரொளி காட்டி முடிந்தபின் வேடிக்கை நிகழ்க. இவ்வளவு மாற்றஞ் செய்யின் காண்பார் கண் இரண்டிடத்து இழுக்கப்படாது.

மூன்றாவது, பொருள். மாலையில் ஒரு விளக்கும் ஏற்றப்படாத சிவாலயங்கள் நம் நாட்டில் பல உள்ளன. வாணத்திற்கு உதவும் செல்வர் அதன் ஒரு பங்கினை அவ்வாலயங்களில் எண்ணெய்க்கு வழங்குவாராக. நமிநந்தியடிகள் திருவாரூரில் நெய் பெறாது வருந்தி, இறைவன் ஆணைவழிக் குளத்துநீரை முகந்து வார்த்து விடியுமளவும் விளக்கெரித்தனர். நீரும் ஒளியும் ஒருங்குகூடி நிகழ்ந்த திருத்தொண்டுகளுள் அதனினும் மேம்பட்டது யாதுளது? அடிகள் ஏற்றிய விளக்கு எவர் புகழ்ச்சியையும் வேண்டி எரிந்ததன்று. அரனெறி ஆலயத்துப் பெருமானைக் காட்டுதற்கே எரிந்தது.

மயக்கம் நீங்கி அன்பு மிகுந்த அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுக என்பது பன்னிரண்டாஞ் சூத்திரம். அன்றிரவு எம்மருகே நின்ற முதியவரை யாம் முதலில் இரங்கத்தக்கவராகக் கருதினேம். தெப்பம் கரைசேர்ந்தபின் அவரை மனத்தால் வணங்கிவிட்டு எழுந்தேம். மாணவர் வினாவிற்கு அங்கு விடை கூறமாட்டாத யாம் வழியில், "தம்பி, யாம் தரிசிக்கவில்லை" என்று உண்மையைக் கூறினேம். அவரும், "யானும் இல்லை, ஐயா" என்றார்.

வருந் தைப்பூசத்திற்கும் திருவருள் கூட்டுமேல் அக்கரைக்குச் செல்ல எண்ணியிருக்கின்றாம்.

திருச்சிற்றம்பலம்